காளான் கொட்டகைக்குக் காற்றோட்டச் சாதனங்களைத் தெரிந்தெடுத்தல்

சிப்பிக் காளானும் பால் காளானும் பயிர்செய்வது, சொந்த நிலமில்லாதவர்களும் வீட்டுப் புறக்கடையிலேயே நடத்தத்தக்க உபதொழிலாகத் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் பரவியிருக்கிறது. வைக்கோலும் வித்தும் தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஐந்தாவதாக ஒன்று வேண்டும், அது காற்று. விலைகொடாமல் கிடைப்பதாகையால் அதைப்பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தொடங்குகிறவர்களோ, கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதை வாங்கிவிடுகிறார்கள்.

இத்தொழிலுக்காகச் சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களைப் பரிசீலிக்குமிடத்து, கொட்டகை, வைக்கோல், வித்து ஆகிய இனங்களுக்கு மனுதாரர்கள் காலணாக்கூடத் தவறாமல் கணக்குக் காட்டியிருப்பார்கள். "விசிறி மற்றும் காற்றோட்டச் சாமான்கள்" என்னும் இனத்தில் மாத்திரம் வியாபாரி எழுதிக்கொடுத்த தொகை அப்படியே ஏறியிருக்கும். கொட்டகையின் அளவு என்ன, விசிறி எத்தனை கன அடிக் காற்றைத் தள்ளக்கூடியது, காற்று எவ்வழியாக உள்ளே வரும் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. கடன் வாங்கியவர் தவணை தவறுவதற்கு விளைச்சல் குறைவதே முதற்காரணம்; விளைச்சல் குறைவதற்குக் காற்றோட்டக் கேடு ஒரு பெருங்காரணம். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது பயன்படும் என்று கருதுகிறேன்.

காளானின் சுவாசம்

காளான் செடியன்று. செடி பகற்காலத்தில் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடும். காளானோ இரவும் பகலும் நம்மைப்போலவே பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அத்துடன் வைக்கோல் மக்கும்போது உஷ்ணமும் உண்டாகிறது. நூற்றுக்கணக்கான படுக்கைகளை ஒரு கொட்டகைக்குள் கட்டித் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே உள்ள காற்றில் கரியமில வாயு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும்.

வெளிக்காற்றில் இந்த வாயு இப்பொழுது பத்து லட்சம் பங்குக்கு 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. சிப்பிக் காளான் மொட்டு விடும் அறையில் இது 1000 பங்குக்கு மேற்படாமல் இருப்பது நலம். மேற்பட்டால் என்ன நேரும் என்பதைக் காளானே காட்டிவிடும். தண்டு நீளமாகவும் மெலிந்தும் வளரும். குடை விரியாமல் பொத்தானைப்போலச் சிறுத்துக் கிடக்கும். சில சமயங்களில் புனலைப்போல் மேல்நோக்கிச் சுருளும். அத்தகைய சரக்கைச் சந்தையில் எவரும் முகம்கொடுத்து வாங்குவதில்லை. வித்தைக் குறைகூறியும், வைக்கோலைக் குறைகூறியும் மாதங்களைக் கழித்த குழுக்கள் உண்டு. கொட்டகையின் இருபுறத்துத் திரைகளையும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தூக்கிக் கட்டியவுடன், அடுத்த அறுப்பிலேயே குடைகள் விரிந்து வந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அறிகுறிகளும் உண்டு. குண்டூசித் தலையளவில் தோன்றிய மொட்டுக்கள் மஞ்சளித்துப் பழுப்பாகிக் காய்ந்துவிடுதல், குடையின் ஓரம் வெடித்தல், படுக்கையின் மேற்புறம் தோல்போல் உலர்ந்து இறுகுதல் ஆகியவை, காற்று மிகையாகவோ வறட்சியாகவோ வீசுகிறது என்பதற்கு அடையாளம். விசிறி வாங்கியபின் விளைச்சல் முன்னிலும் குறைந்துவிட்டது என்று முறையிடுகிறவர்களின் கொட்டகைகளில் பெரும்பாலும் இவ்வடையாளங்களையே காணலாம்.

விசிறி வேண்டாத அறைகள்

எந்த விசிறி வாங்குவது என்று யோசிக்குமுன், விசிறி வேண்டுமா என்று யோசிப்பது சிக்கனம்.

வித்துப் பரவும் அறைக்கு விசிறி வேண்டியதில்லை. பூசண இழைகள் வைக்கோலில் பரவும் அந்த இரண்டு மூன்று வாரங்களில், மொட்டுக் காலத்தில் தாங்கக்கூடியதைக் காட்டிலும் பல மடங்கு கரியமில வாயுவை அவை தாங்கிக்கொள்ளும். அந்த அறையில் கவனிக்கவேண்டியது உஷ்ணம் ஒன்றே. படுக்கையின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி அதிகமாகச் சூடேறும். ஆகையால் படுக்கைகளை நெருக்கி அடுக்காமல், இடையில் கை நுழையுமளவு இடம்விட்டு வைத்தால் போதுமானது. வித்திடும் இடத்திலோ, வேலை நடக்கும்போது எந்த விசிறியும் சுழலவே கூடாது. தரைத்தூசியும் வேறு பூசணங்களின் விதைத்துகள்களும் காற்றோடு வந்து வைக்கோலில் விழுந்தால், பச்சைப் பூசணம் பிடித்துப் படுக்கை முழுவதும் பாழாகும்.

மொட்டு விடும் அறையும், தென்னங்கீற்று வேய்ந்து பக்கங்களில் கோணிச் சாக்குத் திரை கட்டிய சாதாரணக் கொட்டகையாயின், காற்று தானாகவே ஓரளவு வந்துபோகும். ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் கொட்டகையின் நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே தேங்காமல் இரண்டொரு நிமிஷங்களில் மறைந்தால் அங்கே விசிறிக்குச் செலவிடுவது வீண். முகட்டில் ஒரு திறப்பும், அடிப்புறத்தில் வலையடித்த சாளரங்களும் வைத்துக்கொண்டால் அவ்வளவே போதும். புகை சுருண்டு அங்கேயே நிற்குமாயின் விசிறியைப்பற்றி யோசிக்கலாம். பால் காளானுக்காகச் சில்பாலின் தாள் போர்த்திக் காற்றுப் புகாமல் கட்டும் கொட்டகைகளிலும், செங்கற்சுவர் எழுப்பி ஒட்டோ ஓடோ போட்ட அறைகளிலும், பழைய நெற்களஞ்சியத்தை மாற்றியமைத்த இடங்களிலும் விசிறி அவசியமாகவே இருக்கும்.

அளவு கணிக்கும் முறை

கணக்கு எளிது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும். உதாரணமாக, 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கொட்டகையில், பக்கச் சுவர் 7 அடியும் முகடு 11 அடியும் உயரமானால் சராசரி உயரம் 9 அடி. மூன்றையும் பெருக்க 2700 கன அடி. மொட்டு விடும் அறையில் உள்ள காற்று முழுவதும் மணிக்கு 4 முதல் 6 தடவை மாறவேண்டுமென்று கொள்வது நடைமுறை. 6 தடவை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 16,200 கன அடி. 60-ஆல் வகுக்க நிமிஷத்துக்கு 270 கன அடி. நமக்கு வேண்டிய காற்று இவ்வளவே.

விசிறியின் தகட்டிலோ அதனுடன் வரும் தாளிலோ அதன் காற்றளவு குறிக்கப்பட்டிருக்கும். சிலர் அதை நிமிஷத்துக்கு இத்தனை கன அடி என்றும், சிலர் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றும் குறிப்பார்கள். கன அடிக் கணக்கை 1.7-ஆல் பெருக்கினால் கன மீட்டர்க் கணக்கு வரும்; நம்முடைய 270 என்பது மணிக்கு ஏறத்தாழ 460 கன மீட்டராகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கினால் பாதியளவு விசிறியோ இரட்டிப்பு விசிறியோ வந்து சேரும். காற்றளவு குறிக்கப்படாத விசிறியை, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதிருப்பதே உத்தமம்.

அந்தத் தகட்டில் உள்ள எண் முன்னும் பின்னும் எவ்விதத் தடையுமில்லாமல் விசிறி சுழலும்போது அளந்தது. நாம் அதன் பின்புறம் மழைக்காக ஷட்டர் தகடும், காற்று வரும் வழியில் பூச்சி வலையும், அதற்கு வெளியே ஈரச் சாக்கும் வைக்கிறோம். ஒவ்வொன்றும் காற்றைச் சிறிது தடுக்கும். எல்லாம் சேர்ந்து 100-க்கு 35 பங்கு குறைக்கும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. எனவே நிமிஷத்துக்கு 270 வேண்டுமானால், தகட்டில் 400 முதல் 450 வரை கண்ட விசிறியைக் கேட்கவேண்டும்.

இதைச் சொன்னால் வியாபாரி, "அவ்வளவு சிறிதா? 1100 தள்ளுகிற பெரியதே இருக்கட்டும், நாளைக்குக் கொட்டகையைப் பெரிதாக்கினாலும் உதவும்" என்பார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வார்த்தைதான் பல கொட்டகைகளைக் கெடுத்தது. காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம்.

பங்குனி, சித்திரையில் உள்நாட்டு மாவட்டம் ஒன்றில் முற்பகல் வேளையில் வெளியே 32 டிகிரி உஷ்ணமும் 100-க்கு 40 பங்கு ஈரமும் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய காற்றில் கன மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 13 கிராம் நீராவி இருக்கும். கொட்டகைக்குள் 28 டிகிரியும் 85 பங்கு ஈரமும் நிலைக்கவேண்டுமானால் அதே கன மீட்டரில் 23 கிராம் இருத்தல் வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டரும் கொட்டகையிலிருந்து 9, 10 கிராம் தண்ணீரைக் குடித்துவிட்டே வெளியேறும். மணிக்கு 460 கன மீட்டர் ஓட்டத்துக்கு இது சுமார் நாலரை லிட்டர். தரையில் மணல் பரப்பி நனைத்தும், திரைகளில் தண்ணீர் தெளித்தும் இதை ஈடுசெய்வது இரண்டு பெண்களால் இயலக்கூடியது. அதே கொட்டகையில் 1100 கன அடி விசிறி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 18 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவு தெளிக்க எவரால் முடியும்? தெளிக்காத தண்ணீரைக் காற்று விட்டுவிடுவதில்லை. மொட்டுக்களிலிருந்தும் படுக்கைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

பெரிய விசிறியை முன்னமே வாங்கிவிட்டவர்கள் அதை விற்கவேண்டியதில்லை. குறித்த நிமிஷங்கள் ஓடி, குறித்த நிமிஷங்கள் நிற்கும்படி செய்யும் டைமர் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். தடைகள் போக 800 கன அடி தள்ளும் விசிறி மணிக்கு 20 நிமிஷம் ஓடினால் 16,000 கன அடி. நமது தேவைக்கு அது சரியாகிவிடும். 20 நிமிஷத்தையும் ஒரே மூச்சில் ஓடவிடாமல், கால் மணிக்கு ஒரு முறை 5 நிமிஷமாகப் பிரித்து ஓட்டுவது மொட்டுக்களுக்கு நல்லது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என்னுடைய யோசனை, ஒரு விசிறிக்குப் பதிலாகப் பாதியளவுள்ள இரண்டு வாங்குவதே. கிரயம் சற்றுக் கூடும். ஆனால் ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். மழைக்காலத்தில் ஒன்றை மட்டும் ஓட்டலாம். படுக்கைகள் குறைவாக உள்ள மாதங்களிலும் அவ்வாறே.

விசிறி வகைகள்

சுவரில் பதித்து வைக்கும் எக்ஸாஸ்ட் விசிறியே சாதாரணக் கொட்டகைக்கு ஏற்றது. நீண்ட குழாய் வழியாகவோ நுண்ணிய வடிகட்டி வழியாகவோ காற்றைச் செலுத்தவேண்டியிருந்தால் அதனால் இயலாது. இறக்கை சுழன்றுகொண்டே இருக்கும், காற்று நகராது. அங்கே பிளோயர் வகை வேண்டும். வித்துத் தயாரிக்கும் கூடங்கள் தவிர மற்ற இடங்களில் இதற்கு அவசியம் நேருவதில்லை.

கூரையில் தொங்கும் விசிறியும் மேஜை விசிறியும் உள்ளே உள்ள காற்றையே கலக்கும். கரியமில வாயு வெளியே போகாது. ஏர்கண்டிஷனரும் அப்படியே. அது அறைக்காற்றைத் திரும்பத்திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறதேயன்றி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. போதாக்குறைக்கு ஈரத்தைப் பிழிந்து வடித்துவிடுகிறது. பெருந்தொகை செலவிட்டு அதைப் பொருத்தியபின்னும் தனியாக ஒரு விசிறியும் ஈரமூட்டும் யந்திரமும் வாங்கவேண்டியதாகும். சிறு குழுக்கள் அந்த வழிக்கே போகவேண்டாம்.

வீடுகளில் வைக்கும் ஏர்கூலர் இவற்றினின்று வேறுபட்டது. அதைச் சுவரின் வெளிப்புறத்தில் நிறுத்தி, வாயை உள்ளே திருப்பிவைத்தால், வெளிக்காற்று நனைந்த அட்டை வழியாகக் குளிர்ந்து ஈரமேறி உள்ளே வரும். காற்றும் ஈரமும் ஒரே செலவில் கிடைக்கும். எதிர்ச் சுவரில் காற்று வெளியேறத் திறப்பு வைக்கவேண்டும் என்பதை மாத்திரம் மறக்கலாகாது. கோயம்புத்தூர், திருப்பூர், தர்மபுரி போன்ற வறண்ட உள்நாட்டு மாவட்டங்களில் கோடையில் இது நன்கு பயன்படும். சென்னை, நாகப்பட்டினம் முதலிய கடற்கரைப் பகுதிகளில் காற்றில் முன்னமே ஈரம் மிகுந்திருப்பதால் குளிர்ச்சி அதிகமாகக் கிடைக்காது. அதன் தொட்டியை வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கழுவாவிட்டால் பாசியும் துர்நாற்றமும் சேர்ந்து கொட்டகைக்குள் புகும்.

மோட்டாரைப் பற்றியும் கவனிக்கவேண்டியது உண்டு. 100-க்கு 85 பங்கு ஈரத்தில் இரவும் பகலும் ஓடவேண்டிய யந்திரம் இது. சமையலறைக்கென்று செய்த மலிவு விசிறியின் திறந்த மோட்டாரில் ஈரம் புகுந்து சில மாதங்களில் சுருள் எரிந்துவிடும். மூடிய மோட்டாராகவும், பால் பேரிங் உள்ளதாகவும் கேட்டு வாங்கவேண்டும். தகட்டில் "ஐ.பி." என்னும் எழுத்துக்களுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கங்கள் இருக்கும், முதலாவது தூசிக்கும், இரண்டாவது தண்ணீருக்கும் உள்ள பாதுகாப்பைக் குறிப்பது. 55 என்று இருந்தால், தண்ணீரைப் பீய்ச்சினாலும் உட்புகாதபடி செய்யப்பட்டது என்று கொள்ளலாம். 44 இருந்தால் தெளிக்கும் துளிகளைத் தாங்கும். இறக்கை துருப்பிடிக்காத பொருளாக இருத்தல் நலம்.

மின்சாரச் செலவையும் கணக்கிட்டுப் பார்த்தே வாங்கவேண்டும். 40 வாட் விசிறி நாள் முழுவதும் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மாதம் 29 யூனிட். 180 வாட் விசிறி அவ்வாறே ஓடினால் மாதம் 130 யூனிட். வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்தால் சேமிக்கலாம் என்பது உண்மையே. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், இறக்கையைச் சுழற்ற வேண்டிய சக்தியோ கணிதப்படி எட்டிலொன்றாகக் குறையும். சிறு மோட்டார்களில் அவ்வளவு லாபம் கிடைப்பதில்லை. மிகக் குறைந்த வேகத்தில் விசிறி எதிர்க்காற்றை வெல்லமாட்டாது என்பதும் உண்டு.

எங்கே பொருத்துவது

விசிறி எவ்வளவு உயர்ந்ததாயினும், காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் வெளியே தள்ள அதற்கு ஒன்றுமில்லை. கதவிடுக்கிலும் கீற்றிடுக்கிலும் தூசியோடும் பூச்சியோடும் இழுத்துக்கொள்ளும். நம்முடைய உதாரணக் கொட்டகைக்கு, வலையடித்தபின் 2 முதல் 3 சதுர அடிவரை திறப்பு வேண்டும். வலை அங்குலத்துக்கு 40 கண் உள்ளதாக இருந்தால் காளான் ஈக்கள் நுழையா. வலையில் தூசி படிந்தால் காற்று பாதியாகிவிடுமாகையால், கழற்றிக் கழுவுவதற்கு வசதியாகச் சட்டத்தில் அடித்து வைப்பது நல்லது.

காற்று வரும் திறப்பு ஒரு கோடியில் தரைக்கருகிலும், விசிறி எதிர்க்கோடியில் முகட்டுக்குக் கீழேயும் இருக்கட்டும். கூரையடியில் தேங்கும் உஷ்ணமும் அதனால் வெளியேறும். கரியமில வாயு கனமானது, தண்ணீரைப்போலத் தரையில் தங்கிவிடும், ஆகையால் விசிறியைத் தரையோரத்தில் வைக்கவேண்டும் என்று சொல்வார் உளர். காற்று அசையாமல் கிடக்கும் குளிர்ந்த கொட்டகையில் அடியில் அது ஓரளவு மிகுதியாக இருக்கலாம். காற்று கொஞ்சம் அசைந்தாலும் வாயுக்கள் கலந்துவிடும். திறப்பும் விசிறியும் ஒரே பக்கத்தில் அமையாதபடி பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். ஒரே பக்கத்தில் இருந்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும். மறுகோடியில் உள்ள படுக்கைகள் மூச்சுத் திணறும்.

காற்று வீசும் திசையையும் கேட்டறிய வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்று எத்தகையது என்பதை அவ்வூரார் அறிவர். அங்கே மேற்குச் சுவரில் பதித்த விசிறி எதிர்க்காற்றோடு போராடியே காலங்கழிக்கும். கிழக்குச் சுவரில் பதித்து மேற்கே திறப்பு வைத்தால் இயற்கையும் சேர்ந்து வேலைசெய்யும்.

விசிறி பொருத்தியபின் வேண்டிய அளவு காற்று வருகிறதா என்று பார்க்க, காற்றுவேகமானி என்னும் சிறு கருவி உண்டு. வலையடித்த திறப்புக்கு முன்னால் பிடித்தால் வேகம் தெரியும். வேகத்தைத் திறப்பின் பரப்பால் பெருக்கினால் காற்றளவு கிடைக்கும். 2 சதுர அடித் திறப்பில் நிமிஷத்துக்கு 135 அடி வேகம் காட்டினால் 270 கன அடி. கரியமில வாயுவை அளக்கும் கருவிகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் மிக மலிவானவை வேறு ஆவிகளை மோப்பம் பிடித்து இவ்வாயுவை ஊகித்துச் சொல்கின்றனவாகையால் நம்பத்தக்கவையல்ல; அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளப்பதாகக் குறிக்கப்பட்டதையே வாங்கவேண்டும். இவ்விரு கருவிகளையும் ஒவ்வொரு குழுவும் வாங்கவேண்டுமென்பதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் கொட்டகைதோறும் எடுத்துப்போய்ப் பார்க்கலாம்.

பணியாளரின் மார்பு

விளைச்சலையும் கடனையும் பற்றி இவ்வளவு சொன்னேன். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சிப்பிக் காளான் முதிர்ந்து குடையின் ஓரம் மேல்நோக்கி நெளியும்போது, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விதைத்துகள்கள் கோடிக்கணக்கில் உதிரும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய புகைபோலத் தெரியும். அதைப் பல மாதங்கள் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை ஏற்படுகிறது. வேலைசெய்து சில மணி நேரம் கழித்து இருமலும், காய்ச்சலும், குளிரும், மூச்சுமுட்டலும் வரும், மறுநாள் தணியும், மீண்டும் கொட்டகைக்குப் போனால் மீண்டும் வரும். குளிர்க் காய்ச்சல் என்று எண்ணி மாத்திரை விழுங்கிக்கொண்டே வேலைசெய்வது ஆபத்து. நெடுநாள் அசட்டையாக இருந்தால் நுரையீரலுக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம். இவ்வறிகுறிகள் கண்டவர்கள் வைத்தியரிடம் காளான் வேலை செய்வதையும் அவசியம் சொல்லவேண்டும்.

அறுப்புக்கு அரை மணிக்கு முன்னரே விசிறியை ஓடவிட்டு, நெருங்கிய முகக்கவசம் அணிந்து உள்ளே செல்லவேண்டும். துணித்தலைப்பை மூக்கில் சுற்றிக்கொள்வதால் இத்துகள்கள் தடைப்படுவதில்லை. குடை நெளியுமுன் அறுத்துவிட்டால் துகளும் குறையும், விலையும் கூடும். விசிறி வெளியே தள்ளும் காற்று வீட்டுத் திண்ணையையோ, மாட்டுத் தொழுவத்தையோ, அயலார் சாளரத்தையோ நோக்கியிருக்கலாகாது. பெரும்பாலும் இவ்வேலையைச் செய்கிறவர்கள் பெண்கள்; பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டே செய்கிறார்கள். விசிறிக்குப் பணம் ஒதுக்கும்போது முகக்கவசத்துக்கும் ஒதுக்கும்படி குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவித்தால் பின்னால் மறக்கமாட்டார்கள்.

விளக்கொளியில் செடி வளர்ப்போர்

காய்கறி நாற்றுக்களையும் கீரை முளைகளையும் அடுக்குத் தட்டுகளில் மின்விளக்கின்கீழ் வளர்க்கும் அறைகளும் இப்பொழுது தோன்றியிருக்கின்றன. அங்கே நிலைமை தலைகீழ். செடி கரியமில வாயுவை உண்பதால், மூடிய அறையில் வெளிச்சம் உள்ள நேரத்தில் அது குறைந்துபோய் வளர்ச்சி மந்தப்படும். அதைவிட முக்கியம் உஷ்ணம். விளக்கு உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறையில் தங்கும். வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி மிகையாக அனுமதிக்கலாம் என்று முடிவுசெய்து, விளக்குகளின் மொத்த வாட்டை அந்த எண்ணால் வகுத்து, ஒன்றே முக்காலால் பெருக்கினால் நிமிஷத்துக்கு வேண்டிய கன அடி வரும். 600 வாட், 5 டிகிரி என்றால் 210. தடைகளுக்காக முன்சொன்னபடி கூட்டிக்கொள்ளவும். விசிறி எவ்வளவு பெரிதாயினும் அறையை வெளிக்காற்றைவிடக் குளிர்விக்காது என்பதைக் கோடையில் நினைவுகொள்ளவேண்டும். விளக்கணைந்தபின் அறை குளிர்ந்து இலைகளில் ஈரம் படியுமாகையால், அப்பொழுதும் சிறிது நேரம் விசிறி ஓடவேண்டும். இல்லாவிடில் நாற்றழுகலுக்கு இடமாகும். இங்கே இலைகளினூடே மெல்ல வீசும் சிறு மேஜை விசிறிக்கும் வேலையுண்டு.

விலைப்புள்ளி கேட்பது

பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து சங்கத்தின் மூலமாக விசிறி வாங்கினால் கிரயம் குறையும் என்பதைவிட, வியாபாரி தகட்டுக் கணக்கை ஒளிக்கமாட்டார் என்பதே பெரிய லாபம். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் "12 அங்குல விசிறி" என்று அங்குலத்தை மட்டும் எழுதினால், 12 அங்குலத்தில் எது கடையில் தேங்கியிருக்கிறதோ அது வரும். காற்றளவு, வாட், மோட்டாரின் பாதுகாப்பு எண், உத்தரவாதக் காலம், பழுதுபார்க்கும் இடம் எந்த ஊரில் உள்ளது என்பன எல்லாம் எழுத்தில் கேட்கப்படவேண்டும். விசிறியுடன் ஒரு கண்டன்சரும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். இவ்வகை விசிறிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுவே, விலையும் அற்பம்.

சுவிட்சும் டைமரும் கொட்டகைக்கு வெளியே, மழைபடாத இடத்தில் இருக்கவேண்டும். நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று வேலைசெய்யும் இடமாகையால், நில இணைப்பு இல்லாமல் விசிறியை ஓட்டலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சாதனத்தையும் பொருத்தவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டே இணைப்புக் கொடுக்கவேண்டும். மின்சாரம் நின்றுபோகும் வேளைகளுக்காகத் திரைகளைக் கையால் தூக்கிக் கட்டும் ஏற்பாடும் எப்பொழுதும் இருக்கட்டும்.

விதைத்துகளும் ஈரமும் சேர்ந்து இறக்கைகளில் மாவுபோல் படியும். படிவு ஒருபுறம் மிகுந்தால் இறக்கை ஆட்டங்கண்டு பேரிங் தேயும், காற்றும் குறையும். வாரம் ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்து, ஈரத்துணியால் இறக்கையையும் ஷட்டர் தகட்டையும் துடைத்து, அன்றே வலையையும் கழுவி வெயிலில் உலர்த்தி மாட்டிவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் துகள் பறந்து துடைப்பவர் மூக்கிலேயே ஏறும்.